கொங்குப் பக்கம் வீடு வாங்கறதுக்கு முன்னாடி ஊரைத் தெரிஞ்சுக்கறது எப்படி

நான் மாயவரத்துப் பக்கம். 2012ல வேலைக்காக கோயம்புத்தூர் வந்தேன், வீடு வாங்கினது 2019ல. நடுவுல ஏழு வருஷம் பீளமேடு, திருப்பூர் அனுப்பர்பாளையம், பொள்ளாச்சின்னு வாடகை வீட்டுலயே ஓடிச்சு. இப்ப சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்கன்னு யாராவது ஒருத்தர் வாராவாரம் போன் போட்டு "கோவை பக்கம் இடம் பாக்கறோம், எந்த ஏரியா நல்லாருக்கும்"னு கேக்கறாங்க. போன்ல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல ஒண்ணு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி எல்லாத்தையும் வெளிய இருக்கறவங்க "கோவை பக்கம்"னு ஒரே மூட்டையா கட்டிடறாங்க. கோவைல இருந்து திருப்பூர் 50 கிலோமீட்டர், பொள்ளாச்சி 40, ஈரோடு 100. அவ்வளவு தான் தூரம், ஆனா தண்ணி வேற, வெயில் வேற, காத்து வேற, ராத்திரி சத்தம் கூட வேற. வீட்டை ஒரு நாள்ல பாத்துடலாம், டைல்ஸ் எப்படி, கிச்சன் எந்தப் பக்கம், கார் நிக்குமான்னு. ஊரைப் பாக்கறதுக்கு ஒரு வருஷமாவது வேணும். அந்த ஒரு வருஷத்தை எப்படி செலவு பண்றதுங்கறது தான் விஷயம்.

தண்ணில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நான் டெல்டாக்காரன், எனக்கு விழுந்த மொத அடியே அதுல தான். எங்க ஊர்ல வீட்டுக் கொல்லைல அடிபம்பு போட்டா முப்பது அடில தண்ணி வரும், அதை ஒரு விஷயமாவே யாரும் பேச மாட்டாங்க. இங்க வந்து ஒரு வீட்டு ஓனர் "போர் 900 அடிங்க, பரவால்ல தண்ணி இருக்குதுங்க"ன்னு பெருமையா சொன்னப்ப நான் அவரு தப்பா சொல்றாருன்னு நினைச்சேன். தப்பில்ல. கோவை சுத்துவட்டாரத்துல ஆயிரம் அடி தாண்டின போர் நிறைய இருக்கு, அதுவும் பாறைக்குள்ள, பக்கத்து வீட்டுல கிடைச்சது உங்க வீட்டுல கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இந்தப் பக்கம் ரெண்டு வார்த்தை கத்துக்கணும், "நல்ல தண்ணி", "உப்புத் தண்ணி". குடிக்கறதுக்குக் குழாய்ல விடறது நல்ல தண்ணி, போர் தண்ணி உப்புத் தண்ணி. வீடு பாக்கப் போனா புரோக்கர் "தண்ணி பிரச்சனையே இல்ல சார்"னு தான் சொல்லுவாரு, அவரு சொல்றது உப்புத் தண்ணிய. நீங்க கேக்க வேண்டியது "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க, எத்தனை மணி நேரம் விடறாங்க, எந்த நேரத்துல விடறாங்க". இதை ஓனர்கிட்ட கேக்காதீங்க. அந்தத் தெருவுல வாசல்ல நீல டிரம் வச்சிருக்கற வீட்டுல கேளுங்க. டிரம் எத்தனைன்னு எண்ணுங்க, ஒரு வீட்டுக்கு மூணு நாலு டிரம் வரிசையா நின்னா அங்க தண்ணி வாரத்துக்கு ஒருக்காவோ இன்னும் கம்மியாவோ தான் வருதுன்னு அர்த்தம், நீங்க வாயத் தொறந்து கேக்கவே தேவையில்ல.

அனுப்பர்பாளையத்துல நாங்க குடி போன மொத வாரம், பக்கத்து வீட்டுப் பாட்டி எங்க வீட்டுக்காரம்மா கைல இருந்த குடத்தைப் பாத்துட்டு "ஏன் கண்ணு, ஒரே குடமா? தண்ணி எப்ப வரும்னு தெரியாது, வந்தா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட வரும், மோட்டார் சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்துரு"ன்னாங்க. அதே மாதிரி தான், ராத்திரி தெருவே முழிச்சிருக்கும், குழாய்ல மொதல்ல காத்து சீறும், அப்புறம் பழுப்பா கொஞ்சம், அதைக் கீழ விட்டுட்டு வெள்ளையா வர்றப்ப டிரம்மைத் திருப்புவாங்க. அந்தப் பாட்டி இல்லன்னா மொத மாசம் முழுக்க கேன் தண்ணி தான் வாங்கியிருப்போம். திருப்பூருக்குத் தண்ணி பவானியிலயும் காவிரியிலயும் இருந்து குழாய்ல அவ்வளவு தூரம் வரணும், வழில ஒரு இடத்துல பைப் உடைஞ்சா அந்த வாரம் அவ்வளவு தான். இப்ப நிலைமை ஏரியாவுக்கு ஏரியா மாறியிருக்கு, அதனால தான் தெருவுல கேளுங்கங்கறேன்.

கோயம்புத்தூர்லயே ஒரே ஊருக்குள்ள வேற வேற தண்ணி. மேற்குப் பக்கமும் பழைய ஊரும் சிறுவாணி, அந்த அணை கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துல இருக்கு, ருசிக்குப் பேர் போன தண்ணி, ஆனா மழை தவறின வருஷம் முறை வைக்கறது இழுத்துக்கிட்டே போகும். வடக்கு, கிழக்குப் பக்கம் பவானி ஆத்துல பில்லூர்ல இருந்து வர்றது, குறிச்சி குனியமுத்தூர் மாதிரி தெற்குப் பக்கம் ஆழியாறு. வீடு பாக்கற தெருவுக்கு எது வருதுன்னு கேட்டுக்கோங்க, ஒரு திட்டம் படுத்தாலும் இன்னொரு திட்டத்துல இருந்து தண்ணி வர்ற தெருக்கள் இருக்கு, அது பெரிய பலம்.

உப்புத் தண்ணிக்கு ஒரு வேலை பண்ணுங்க, தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டி.டி.எஸ் மீட்டர்னு பேனா சைஸ்ல கிடைக்கும், சில நூறு ரூபாய் தான், வீடு பாக்கப் போறப்ப பாக்கெட்ல போட்டுக்கோங்க. குடிக்கற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் தான் நல்லதுன்னு இந்தியத் தர அளவு சொல்லுது, வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் விடலாம்னு இருக்கு. அதுக்கு மேல காட்டினா குளிக்கறது, துணி துவைக்கறது, ஹீட்டர், செடி எல்லாத்துக்கும் தலைவலி. மீட்டர் இல்லையா, பாத்ரூம் குழாய் முனையைப் பாருங்க, வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கட்டியிருக்கும். கை கழுவறேன்னு சொல்லி சோப்பு போட்டுப் பாருங்க, நுரை வரலைன்னா புரிஞ்சுக்கோங்க.

திருப்பூர் நொய்யல் ஓரத்துல வாங்கறவங்களுக்குத் தனியா சொல்லணும். சாயப்பட்டறைத் தண்ணி வருஷக்கணக்கா ஆத்துல போயிருக்கு, கீழ ஒரத்துப்பாளையம் அணையே விவசாயத்துக்கு ஆகாத தண்ணியா நின்னுச்சு, 2011 ஜனவரில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் கழிவை வெளிய விடாம சுத்திகரிச்சுத் தான் ஓட்டணும்னு ஆச்சு, நிலைமை நிறைய மாறிடுச்சு, அந்த ஊர்க்காரங்க அதுக்காகப் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா நிலத்தடில இறங்கினது அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆத்தோரம் இடம் பாத்தா போர் தண்ணிய லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு தான் அடுத்த பேச்சு. பெருந்துறை சிப்காட் பக்கம் பாக்கறவங்களும் அதே மாதிரி.

ஒரு நல்ல மாற்றமும் இருக்கு, அவிநாசி அத்திக்கடவு திட்டம் 2024 ஆகஸ்ட் 17ல தொறந்தாங்க, கோவை, திருப்பூர், ஈரோடு மூணு மாவட்டத்துலயும் 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி விடற திட்டம். அவிநாசி, அன்னூர் பக்கம் வாங்கறதா இருந்தா பக்கத்துக் குளம் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க, குளம் நிறைஞ்சா சுத்தி இருக்கற போர் எல்லாம் தேறும்.

சரி, எப்ப போய்ப் பாக்கறது. வருஷத்துல மூணு தடவை போங்க, ஏப்ரல் கடைசி, ஜூலை, அப்புறம் நவம்பர். புரோக்கர் எல்லாம் டிசம்பர் ஜனவரில கூப்புடுவாங்க, அப்ப கோயம்புத்தூர் காலைல பனி மூட்டமா, எதை வேணா வாங்கிடலாம்னு தோணும். கோவை கடல் மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர் உயரத்துல இருக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் காத்து நேரா உள்ள வரும், அதனால தான் கோவைக்குக் குளுமையான ஊர்னு பேரு. ஈரோடு 200 மீட்டர் கூட இல்ல, அந்தக் காத்தும் அங்க போய்ச் சேர்றப்ப சூடாயிடும், ஏப்ரல் மே மாசம் 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டும். 100 கிலோமீட்டர்ல இவ்வளவு வித்தியாசமான்னு நம்ப மாட்டீங்க. ஈரோட்டுல மேல்மாடி பிளாட் பாக்கறதா இருந்தா மே மாசம் மதியம் மூணு மணிக்குப் போய் பெட்ரூம் சுவத்துல கையை வச்சுப் பாருங்க, குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பாருங்க, சுடுதண்ணி தான் வரும்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் நிஜம். அந்தப் பொட்டக்காடு முழுக்க காத்தாடி நட்டு வச்சிருக்காங்களே, சும்மாவா? மேற்குப் பாத்த ஜன்னல் வச்ச வீடுன்னா வீடெல்லாம் புழுதி, துணி காயப் போட முடியாது. ஆனா அந்தக் காத்துக்காகவே வாங்கறவங்களும் உண்டு, ராத்திரி பேன் இல்லாம தூங்கலாம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

காத்துன்னா நாத்தமும் அதோட தான் வரும். கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 600 ஏக்கருக்கு மேல, காத்து திசை மாற மாற நாத்தம் போற ஊரும் மாறும், போத்தனூர் பக்கம் ஒரு நாள் ஒண்ணுமே தெரியாது, இன்னொரு நாள் ஜன்னலைத் தொறக்க முடியாது. பல்லடம், உடுமலை பக்கம் கோழிப்பண்ணை, மழை பெஞ்ச ரெண்டு நாள்ல ஈ வந்து மொய்க்கும். பொள்ளாச்சில தென்னந்தோப்பு நடுவுல வீடு ரொம்ப அழகா இருக்கும், ஆனா பக்கத்துல தேங்காநார் மில்லு இருக்கான்னு பாருங்க, நார்த் தூசி, அந்த மட்டை ஊறின தண்ணி கிணத்துல இறங்கறது, ரெண்டும் அங்க பெரிய சண்டை.

நவம்பர்ல எதுக்குப் போகணும்ங்கறதுக்கு என் கதையையே சொல்றேன். 2015 பிப்ரவரில சரவணம்பட்டி தாண்டி ஒரு சைட். சமமா, செம்மண்ணா, பாக்கவே அவ்வளவு நல்லாருந்துச்சு, விலையும் அக்கம்பக்கத்தை விட கம்மி. நாங்க நின்னு பேசிட்டு இருக்கறப்ப ஒரு பெரியவரு ஆடு மேய்ச்சுட்டு வந்தாரு, தோள்ல துண்டு, கைல தொரட்டி. எங்களையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஏனுங்க தம்பி, ஊடு கட்டவா பாக்கறீங்க? இது பள்ளத்து வழிங்க"ன்னாரு. புரோக்கர் உடனே "அவரு அந்தக் காலத்து ஆளு சார், இப்ப தண்ணியெல்லாம் வர்றதில்ல"ன்னு சொல்லி எங்களை நகத்திட்டுப் போயிட்டாரு. எங்க ஊர்ல பள்ளம்னா குழி, நான் மண்ணு கொட்டி மேடாக்கிட்டா போச்சுன்னு நினைச்சு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். கொங்குத் தமிழ்ல பள்ளம்னா ஓடை. நவம்பர்ல ரெண்டு நாள் நல்ல மழை, மனசு கேக்காம வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பாத்தா சைட் கல்லு ஒண்ணு கூட வெளிய தெரியல, முழங்கால் வரைக்கும் செந்தண்ணி ஓடுது, ஓடுது, நிக்கல. அப்புறம் புலப்படம், அதாவது அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம், வாங்கிப் பாத்தா இடத்தோட ஓரமா ஓடைப் புறம்போக்கு தெளிவா வரைஞ்சிருக்கு. அட்வான்ஸ் திரும்ப வரல. அந்தப் பெரியவரு சொன்னதை நின்னு கேட்டிருந்தா அந்தக் காசு தங்கியிருக்கும்.

அதனால ஊர்ப் பேரைக் காது கொடுத்துக் கேளுங்க. பள்ளம், குட்டை, குளம், ஏரின்னு பழைய பேர்ல எது இருந்தாலும் நின்னு விசாரிங்க, லேஅவுட்டுக்கு அவங்க ஏதோ கார்டன், என்க்ளேவ்னு பேர் வச்சிருப்பாங்க, அதை விட்டுட்டு "இந்தக் காட்டுக்கு முன்ன என்னங்க பேரு"ன்னு பக்கத்துத் தோட்டத்துல கேளுங்க. மேற்குத் தொடர்ச்சி மலைல பெய்யற மழை நொய்யல் வழியா வந்து ஒவ்வொரு குளமா நிறைச்சுட்டுப் போற ஊரு இது, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம்னு வரிசையா, தண்ணிக்கு அதோட வழி ஞாபகம் இருக்கும். மழை நாள்ல டவுனுக்குள்ளயும் ஒரு ரவுண்டு போங்க, லங்கா கார்னர், அவிநாசி ரோடு சுரங்கப்பாதை எல்லாம் நிறைஞ்சா உங்க வீட்டுக்கு எந்த வழியா போறதுன்னு அப்ப தான் தெரியும்.

மலையடிவாரத்துல வாங்கணும்னு ஆசைப்படறவங்க நிறைய, எனக்கும் இருந்துச்சு. தொண்டாமுத்தூர், நரசீபுரம், தடாகம், ஆனைகட்டி, மருதமலை பக்கம், காலைல மலையப் பாத்துக்கிட்டே காபி குடிக்கலாம். ஆனா அங்க யானை ஊருக்குள்ள வர்றது எப்பவாவது நடக்கற அதிசயம் இல்ல. ராத்திரி கேட்டை முட்டும், அரிசி வாசத்துக்கு சமையக்கட்டு சுவத்தையே தள்ளிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தத் தெருவுல யாரு வெளிய நடமாடறாங்க, குழந்தைங்க டியூஷன் போயிட்டு எப்படி வர்றாங்கன்னு பாருங்க. இன்னொண்ணு, அந்தக் கிராமங்கள்ல நிறைய ஹாக்கா எல்லைக்குள்ள வருது, மலையிடப் பாதுகாப்புக் குழுமம்னு சொல்லுவாங்க, அவங்க அனுமதி இல்லாம லேஅவுட் போட முடியாது. "அதெல்லாம் வாங்கிடலாம் சார்"னு யாராவது சொன்னா, வாங்கினதுக்கு அப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

அடுத்தது ஊரோட வாரம். இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் இருக்கு, அந்த நாள்ல போனா தான் அந்த ஊரு முகம் தெரியும். திருப்பூர்னா சனிக்கிழமை ராத்திரி, பனியன் கம்பெனில வாரச் சம்பளம் போட்டு ஊரே ரோட்டுக்கு வந்துடும், புது பஸ் ஸ்டாண்டுல இருந்து பழைய பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், ஞாயித்துக்கிழமையும் கடைவீதி அப்படித்தான். ஈரோடுன்னா திங்கக்கிழமை ராத்திரியும் செவ்வாயும், ஜவுளிச் சந்தை, வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் வியாபாரிங்க வருவாங்க. பொள்ளாச்சிக்கு வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. கோவைல சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் ஐ.டி கம்பெனி விடற நேரம், சாயங்காலம் ஆறரைக்கு சத்தி ரோட்டுல வண்டில உக்காந்து பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல காலியான ரோட்டுல கூட்டிட்டுப் போய் "ஏர்போர்ட் பதினஞ்சு நிமிஷம்"னு காட்டுவாங்க, நம்பிடாதீங்க.

சத்தம். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் பக்கம் வீடு பாத்தா ராத்திரி பத்து மணிக்கு மேல போங்க. பகல்ல வேற சத்தத்துல மறைஞ்சுடும், ராத்திரி விசைத்தறி மட்டும் தனியா கேக்கும், டக்கு டக்குன்னு விடிய விடிய, பக்கத்து ஷெட்டுல எட்டுத் தறி ஓடினா உங்க சுவரே அதிரும். அங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு அது தாலாட்டு மாதிரி, கரண்ட் போய் தறி நின்னா தான் முழிப்பு வரும்னு என் கூட வேலை பாத்த ஒரு அண்ணன் சொல்லுவாரு. நமக்கு அது பழகுமான்னு ரெண்டு ராத்திரி தூங்கிப் பாத்தா தான் தெரியும். கணபதி, பீளமேடு உள்தெருக்கள்ல சின்னச் சின்ன பவுண்டரி, லேத் பட்டறை. அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறை சுத்தியல், அது எனக்குப் பழகிடுச்சு, குழந்தைக்குத் தான் பழகல.

போக்குவரத்து பத்தி சுருக்கமா சொல்றேன். ரயில் இருக்கற ஊரும் இல்லாத ஊரும் பத்து வருஷத்துல வேற வேற இடத்துக்குப் போயிடும். ஈரோடு ஜங்ஷன், எந்தத் திசைக்கும் வண்டி கிடைக்கும், திருப்பூரும் அதே லைன். மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி ரெண்டுக்கும் கோவைல இருந்து ரயில் இருக்கு. கோபி, சத்தியமங்கலம் ரெண்டு ஊருக்கும் ரயிலே கிடையாது, கோபி வாய்க்கால் பாசனம், நெல்லு வயலு, கொடிவேரின்னு என் கண்ணுக்கு எங்க டெல்டா மாதிரியே இருக்கும், ரிட்டயர் ஆகி வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்ற ஊரு அதான், ஆனா பெரிய ஆஸ்பத்திரின்னா ஈரோட்டுக்கோ கோவைக்கோ ரோட்டுல தான் ஓடணும், அதை வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கோங்க. "வரப்போகுது"ன்னு சொல்ற எதுக்கும் காசு கொடுக்காதீங்க. கோவை மெட்ரோ வருதுன்னு சொல்லி அவிநாசி ரோடு, சத்தி ரோடு ஓரமா எவ்வளவு வித்தாங்க, 2025 நவம்பர்ல மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பிடுச்சு. அதே அவிநாசி ரோட்டுல கோல்டுவின்ஸ் உப்பிலிபாளையம் 10 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டி முடிச்சு 2025 அக்டோபர்ல தொறந்தாங்க, அது கண்ணு முன்னாடி இருக்கு, அதுக்கு விலை கொடுக்கலாம்.

இப்ப முக்கியமான யோசனை. வாங்கப் போற ஊர்லயே, முடிஞ்சா அதே தெருவுலயே, ஒரு 11 மாசம் வாடகைக்கு இருங்க. வாடகை தண்டம்னு நினைக்காதீங்க, என் அட்வான்ஸ் போனதை விடவா. இந்தப் பக்கம் போக்கியத்துக்கும் வீடு கிடைக்கும், ஒரு தொகைய மொத்தமா கொடுத்துட்டு வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்றப்ப திரும்ப வாங்கிக்கறது, ஆனா அதுக்கு எழுத்துல பதிவு பண்ணிக்கோங்க, ஓனர் அந்த வீட்டு மேல கடன் வச்சிருக்காரான்னும் பாத்துக்கோங்க. வாடகைக்கு இருக்கறப்ப தான் பால்காரர் எத்தனை மணிக்கு வர்றாரு, குப்பை வண்டி வருதா, கரண்ட் எத்தனை தடவை போகுது, ஸ்கூல் வேன் அந்தச் சந்துக்குள்ள திரும்புமா, எல்லாம் தானா தெரியும்.

இன்னொண்ணும் தெரியும், அதை மறைக்காம சொல்லிடறேன். சில ஊர்ல, சில தெருவுல, வீடு கேட்டா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு நேராவே கேப்பாங்க, சில பேரு சுத்தி வளைச்சு "சொந்த ஊரு எது, கொலசாமி எது"ன்னு கேப்பாங்க. எங்ககிட்டயும் கேட்டாங்க, அசைவம் சமைப்பீங்களான்னும் கேட்டாங்க. எனக்கு அது ரொம்ப வலிச்சுது. அந்த மாதிரி தெருவுல முப்பது வருஷம் குடும்பம் நடத்த முடியுமான்னு நீங்க தான் முடிவு பண்ணணும், ஆனா வாடகைக்கு இருக்கறப்பவே தெரிஞ்சா காலி பண்ணிட்டு வந்துடலாம், சொந்த வீடுன்னா மாட்டிக்குவோம். அதே சமயம் "சோறு உண்டாச்சுங்களா"ன்னு கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள்ள கிண்ணத்துல குழம்பு கொண்டு வந்து கொடுத்த தெருவும் இதே ஊர்ல தான் இருக்கு. ரெண்டையும் உள்ள இருந்து பாத்தா தான் தெரியும்.

ஊர்ல யார்கிட்ட பேசறது? தண்ணி திறந்து விடற வால்வு ஆளு, தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடறவரு, மூலைல டீக்கடை, அயர்ன் வண்டிக்காரர். இவங்களுக்கு எந்தத் தெருவுல எந்த வீடு எதுக்காகக் காலியா கெடக்குன்னு தெரியும். டீக்கடைல நாலு நாள் தொடர்ந்து போய் உக்காருங்க, மொத நாள் எதுவும் கேக்காதீங்க. மூணாவது நாள் அவங்களே "எங்கிருந்து வந்திருக்கீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க.

விலை பேசறப்ப ஒண்ணு. சென்னைக்காரங்க கிரவுண்டு கணக்குல யோசிப்பாங்க, இங்க எல்லாம் செண்ட் தான். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடின்னா அஞ்சரை செண்ட். இந்தக் கணக்கு நாக்கு நுனில இருக்கணும், இல்லன்னா நீங்க வெளியூர்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. தனி வீடு, மனைன்னா முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9, இதைப் பட்ஜெட்ல மொதல்லயே ஒதுக்கிடுங்க.

ஊரு பிடிச்சுப் போச்சு, தெருவும் பிடிச்சுப் போச்சுன்னா தான் பேப்பர். சர்வே நம்பரைக் கையில வாங்காம எந்தப் பேச்சும் வேணாம். நம்பர் கிடைச்சா பட்டா, சிட்டா, அ பதிவேடு, புலப்படம் எல்லாம் வருவாய்த்துறை இணையத்துலயே பாக்கலாம், புலப்படத்துல ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எது ஒட்டிப் போகுதுன்னு நல்லா பாருங்க. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்காவது போடுங்க. தாய்ப் பத்திரத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் சங்கிலி அறுந்திருக்கான்னு நீங்களா ஒரு வக்கீல் வச்சுப் பாருங்க, பில்டர் காட்டற வக்கீல் வேணாம். கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, பூதான நிலமான்னு தனியா கேட்டு எழுதி வாங்குங்க. டி.டி.சி.பி, அதாவது நகர ஊரமைப்புத் துறை, கொடுக்கற அப்ரூவல் நம்பர் இல்லாத மனை, அதுவும் 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் பிரிச்சதுன்னா பதிவே ஆகாது, அதுக்கு முன்னாடி பிரிச்சதுன்னா வரன்முறைப்படுத்தின ஆர்டர் இருக்கான்னு பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேலயோ எட்டு வீட்டுக்கு மேலயோ இருக்கற புராஜெக்டுக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட பதிவு நம்பர் கட்டாயம், அந்த நம்பரை ரெரா இணையதளத்துல போட்டு நீங்களே பாக்கணும், நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்குங்கறது போதாது. சூலூர்ல விமானப்படைத் தளம், பீளமேட்டுல ஏர்போர்ட், இது பக்கத்துல மாடி எவ்வளவு உசரம் ஏத்தலாம்ங்கறதுக்கு தடையில்லாச் சான்று தேவைப்படும், இப்ப ஒரு மாடி போதும்னு வாங்கிட்டு பையன் பெரியவனானப்ப மேல கட்ட முடியாம நிக்கறவங்களைப் பாத்திருக்கேன்.

கடைசியா, அட்வான்ஸ் கொடுத்த நாளுக்கும் பத்திரம் பதியற நாளுக்கும் நடுவுல மாசக்கணக்குல இடைவெளி விழும். அந்த நேரத்துல அதே இடத்தை அடமானம் வச்ச கதையெல்லாம் நடக்குது. பதியறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை வில்லங்கம் போட்டுப் பாத்துட்டு, காலைல பதிவு ஆபீஸ் போற வழில அந்த இடத்துக்கும் ஒரு எட்டு போய், நாலு மூலைக் கல்லும் அதே இடத்துல இருக்கான்னு டேப் புடிச்சு அளந்து பாத்துட்டுப் போங்க.